உடைத்தாலன்றி அறிய முடியாத குறை
மஸ்கத் தோட்டா வணிகமும் ஒரு ஃபிக்ஹுப் பாடமும்

அரபுக் கல்லூரிகளில் இலக்கணம் பயின்றோருக்கு இரண்டு நூற்பெயர்கள் வாழ்நாள் முழுதும் நினைவில் நிற்கும். ஒன்று, ஹிஜ்ரி 672இல் (கி.பி. 1274) டமாஸ்கஸில் மறைந்த இமாம் இப்னு மாலிக் (ரஹ்) அவர்களின் அல்ஃபிய்யா. மற்றொன்று, ஹிஜ்ரி 761இல் (கி.பி. 1360) மறைந்த எகிப்திய இலக்கண மேதை இப்னு ஹிஷாம் (ரஹ்) அவர்களின் கத்ருந் நதா. விடியற்காலையில் எழுந்து இவற்றை ஓதி மனனம் செய்த பருவத்தை நம்முள் பலர் மறந்திருக்க மாட்டோம்.

இவ்விரு நூல்களையும் பிரெஞ்சு மொழியில் பெயர்த்தவர் ஒருவரே. அந்தோனின் கோகியே என்பது அவர் பெயர். கத்ருந் நதாவின் மொழிபெயர்ப்பு 1887இல் லைடன் நகரிலும், அல்ஃபிய்யாவின் மொழிபெயர்ப்பு 1888இல் பெய்ரூத்திலும் வெளிவந்தன. வேற்று மொழியில் பிறந்த ஒருவர் அல்ஃபிய்யாவின் செறிந்த அடிகளுக்குள் புகுந்து பொருள் கண்டு மீள்வது எளிய செயலன்று என்பதை அந்நூலைப் பாடம் கேட்டவர் அறிவர்.

அந்த அறிஞர் 1899இல் மஸ்கத் துறைமுகத்திற்கு வந்து கடை விரித்தார். அக்கடையின் சரக்கு துப்பாக்கிகளும் தோட்டாக்களுமாகும். 1909இல் இறக்கும்வரை அவர் வளைகுடாவின் பெயர்பெற்ற ஆயுத வணிகர்களுள் ஒருவராக இருந்தார்.

நம் இலக்கணத்தை அவர் அவ்வளவு ஆழமாகக் கற்றிருந்தார். அவர் போன்றோர் விற்ற பண்டத்தை வாங்கிய முஸ்லிம்கள் அப்பண்டத்தைப் பற்றி என்ன கற்றிருந்தனர்? இவ்வினாவைத் தொடர்ந்து சென்றால் வரலாற்றின் ஒரு சிறு மூலையும், நாம் ஆண்டுதோறும் நடத்தும் ஃபிக்ஹுப் பாடம் ஒன்றின் புதிய பொருளும் தெரியவருகின்றன.

மஸ்கத் சந்தை

1844இல் பிரான்சுக்கும் மஸ்கத் ஆட்சியாளருக்கும் ஏற்பட்ட உடன்படிக்கை பிரெஞ்சு வணிகர்க்கு அங்கே தடையற்ற வணிக உரிமையை அளித்திருந்தது. 1890இல் பிரசல்ஸ் மாநாடு ஆப்பிரிக்காவின் பெரும்பகுதிக்கு ஆயுத இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது, ஐரோப்பியப் படைகள் கழித்துக் கட்டிய பழைய துப்பாக்கிகளுக்கு வேறொரு சந்தை தேவைப்பட்டது. மஸ்கத் அச்சந்தையாயிற்று. சுல்தான் ஃபைஸல் இப்னு துர்க்கீயின் கருவூலத்திற்குச் சுங்க வருவாய் கிடைத்தது. ஆங்கிலேயருக்கு இவ்வணிகம் உறுத்தலாக இருந்தும், பிரெஞ்சு உடன்படிக்கை அவர்தம் கையைக் கட்டியிருந்தது.

மஸ்கத்திலிருந்து பாய்மரக் கலங்கள் சரக்கை மக்ரான் கரைக்குக் கொண்டு சென்றன. அங்கிருந்து ஒட்டகக் கூட்டங்கள் பாலைவழியே ஆப்கானிஸ்தானுக்கும், அப்பால் வடமேற்கு எல்லைப்புறத்துப் பட்டாணியரிடமும் சேர்த்தன. 1897இல் திராஹ் மலைப்பகுதியில் அஃப்ரீதிகள் ஆங்கிலப் படையோடு பொருதிய பின்னர் அங்கே துப்பாக்கியின் தேவை மேலும் பெருகியது. மஸ்கத்தில் கொடுத்த விலையைப்போலப் பல மடங்கு எல்லைப்புறத்தில் கிடைத்தது. ஆங்கிலக் கடற்படையின் ரோந்தும், 1912இல் மஸ்கத்தில் அமைக்கப்பட்ட அரசுக் கிடங்கும் இவ்வணிகத்தின் மூச்சை நிறுத்தும்வரை இது தொடர்ந்தது.

இந்த ஆயுதங்கள் அந்நியரை எதிர்க்க மட்டுமே பயன்பட்டன என்று எழுதுவது வரலாற்றுக்கு நேர்மை ஆகாது. குலப்பகையிலும் பழிக்குப்பழியிலும் அவை முஸ்லிம்களின் மார்பிலேயே பாய்ந்தன. குழப்பக் காலத்தில், குழப்பம் விளைவிப்போர் எனத் தெரிந்தவர்க்கு ஆயுதம் விற்பதை ஹிதாயாவின் ஆசிரியர் மர்கீனானீ (ரஹ்) வெறுக்கத்தக்கதாக வகுத்திருப்பதன் காரணம் இங்கே விளங்குகிறது.

தேங்காயும் முட்டையும்

துப்பாக்கியை வாங்குபவன் அதைக் கையில் ஏந்திப் பார்க்கலாம். குழலுக்குள் கண் வைத்து நோக்கலாம். விசையை இழுத்துப் பார்க்கலாம். தோட்டாவை அவ்வாறு சோதிக்க இயலாது. பித்தளை ஓடு, அதனுள் வெடிமருந்து, முனையில் ஈயக்குண்டு, அடியில் கேப்பு எனப்படும் சிறு கிண்ணம் ஆகிய நான்கும் சேர்ந்ததே தோட்டா. ஊசி கேப்பைத் தாக்க, அதன் பொறி மருந்தைப் பற்ற வைக்க, குண்டு பாய்கிறது. கேப்பு செத்திருக்கலாம், மருந்து ஈரம் பட்டிருக்கலாம், ஓடு வெடித்துக் குழலுக்குள் சிக்கலாம். கடல்வழி வந்து, மக்ரான் மணலில் புதைக்கப்பட்டு, ஒட்டக முதுகில் திங்கள் கணக்கில் குலுங்கிய தோட்டாவின் உட்புறம் எந்நிலையில் இருந்தது என்பதைச் சுட்டுப் பார்த்தால்தான் அறிய முடியும். சுட்ட பின்னர் அந்தத் தோட்டா இல்லை.

நம் ஃபுகஹாக்கள் இச்சிக்கலை அறியாதவர் அல்லர். ஷாஃபிஈ மாணவர்கள் ஓதும் மின்ஹாஜில், குறைகண்ட பண்டத்தைத் திருப்பும் உரிமை பற்றிய பகுதியில் இமாம் நவவீ (ரஹ்) ஒரு நுட்பமான நிலையை எடுத்துக்கொள்கிறார். முட்டையையும் தேங்காயையும் உடைத்தால்தான் உள்ளே கெட்டிருப்பது தெரியும். பூசணமோ புழுவோ பிடித்த பழத்தைக் குடைந்தால்தான் தெரியும். உடைத்தது வாங்கியவன் என்பதால் உடைத்த குற்றம் அவனைச் சேருமா? சேராது என்பதே அவர் வலுவாகக் கொண்ட கருத்து. பழைய குறையை அறிய வேறு வழியில்லையாதலால் அவன் பண்டத்தைத் திருப்பலாம். உடைத்ததற்கு ஈடும் தர வேண்டியதில்லை. ஹனஃபீ நூலாகிய ஹிதாயாவோ, உடைத்த முட்டை எதற்குமே உதவாததாயின் அது பொருளே அன்று, எனவே விற்பனையே செல்லாது, முழு விலையையும் திருப்ப வேண்டும் என்கிறது.

இங்கே ஓர் இனிய ஒற்றுமையைக் குறிப்பிடலாம். இமாம் நவவீ டமாஸ்கஸில் இலக்கணம் கற்றது இப்னு மாலிக்கிடம். ஆசிரியரின் நூலை மொழிபெயர்த்தவர் விற்ற பண்டத்திற்கு, மாணவரின் நூலில் தீர்ப்பு எழுதப்பட்டிருந்தது.

எனினும் தீர்ப்பு நூலில் இருப்பது வேறு. உரிமையைக் கையில் பெறுவது வேறு. தேங்காயை வாங்கியவன் மறுநாள் அதே கடைக்குச் சென்று உடைந்த மூடியைக் காட்டலாம். திராஹ் மலைச்சரிவில் தோட்டா வெடிக்காமல் போனவன் யாரிடம் போய்க் காட்டுவான்? அவனுக்கும் விற்றவனுக்குமிடையே ஒரு கடலும் ஒரு பாலைவனமும் நான்கைந்து கைமாற்றங்களும் இருந்தன.

விலை உயர்ந்த சரக்கு குறையற்றது என்றும் எண்ண வேண்டா. சூடானில் 1885 ஜனவரி 17 அன்று அபூ துலைஹ் கிணற்றடியில் மஹ்தியின் படையோடு மோதிய ஆங்கிலச் சிப்பாய்களின் மார்ட்டினி ஹென்றி துப்பாக்கிகள் நடுப்போரில் சிக்கிக்கொண்டன. மெல்லிய பித்தளைத் தகட்டைச் சுருட்டிச் செய்த ஓடு சூடேறிய குழலில் ஒட்டிக் கிழிந்ததும், மணல் புகுந்ததும் அதற்குக் காரணங்கள். வேறுபாடு பின்னர் நடந்ததில் உள்ளது. அங்கே குறையை ஆராய ஆளும் கூடமும் இருந்தன. சுருட்டிய ஓட்டை விலக்கி ஒரே துண்டாக இழுத்துச் செய்த ஓட்டைக் கைக்கொண்டனர். கழிக்கப்பட்ட பழைய சரக்கு மலிவு விலையில் எவரெவர்க்கோ போய்ச் சேர்ந்தது.

வெடித்த பின் வெளிப்படும் குறை

வெடிக்காத தோட்டா கெட்ட முட்டையைப் போன்றது. தன் குறையைத் தானே அறிவித்துவிடும். நன்றாக வெடித்து, குறியையும் அடைந்து, வாங்கியவனை மனநிறைவோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டு, சில நாள்களில் அவனது துப்பாக்கியைத் தின்றுவிடும் தோட்டாவும் உண்டு. அதன் கதை அறிவியல் வரலாற்றில் தனிச்சுவை உடையது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிவரை பயன்பட்ட கரிய வெடிமருந்து ஏராளமான கசடைக் குழலில் விட்டுச்செல்லும். ஆதலால் சுட்டு முடித்ததும் வெந்நீர் ஊற்றிக் குழலைக் கழுவி, துடைத்து, எண்ணெயிடுவது எல்லாப் படைகளிலும் வழக்கம். 1886இல் பிரான்சில் புகையற்ற வெடிமருந்து புழக்கத்திற்கு வந்தது. 1889இல் ஆங்கிலேயர் கார்டைட் என்னும் வகையைக் கண்டனர். நம் நீலகிரி மாவட்டத்து அருவங்காட்டில் 1903இல் நிறுவப்பட்ட தொழிற்சாலை இந்தியப் படைக்கு இந்தக் கார்டைட்டைச் செய்துகொடுக்கவே எழுந்தது. புதிய மருந்து குழலைக் கறுப்பாக்கவில்லை. கண்ணுக்குச் சுத்தமாகத் தெரிந்த குழலுக்கு நீர் எதற்கு என்று பலர் எண்ணெயோடு நிறுத்திக்கொண்டனர். மறுநாளோ அடுத்த வாரமோ குழலின் உட்புறம் செந்துரு பிடித்தது.

பல்லாண்டுகள் இதற்குப் பலரும் பல காரணம் கூறினர். புதிய மருந்தின் அமிலமே குற்றவாளி என்பது பரவலான கருத்து. அமெரிக்கச் சுரங்கத் துறையின் ஆய்வாளர் வில்பர்ட் ஹஃப் 1922இல் வெளியிட்ட ஆய்வறிக்கை உண்மையை நிலைநாட்டியது. குற்றம் மருந்தில் இல்லை, கேப்பில் இருந்தது. கேப்பின் கலவையில் பொட்டாசியம் குளோரேட் என்னும் பொருள் உண்டு. வெடிக்கும்போது அது தன் ஆக்சிஜனை இழந்து பொட்டாசியம் குளோரைடு ஆகிறது. இது நாம் உணவில் இடும் உப்பின் நெருங்கிய உறவு. கண்ணுக்குத் தெரியாத மென்படலமாகக் குழலில் படியும் இவ்வுப்பு, காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 84 விழுக்காட்டைத் தாண்டியதும் நீரை ஈர்த்துக் கசிந்து இரும்பை அரிக்கத் தொடங்கும். எண்ணெயில் உப்பு கரையாது. எனவே எண்ணெய்ப் படலத்தின் அடியிலேயே துரு வளர்ந்தது.

கரிய மருந்தின் காலத்துக் கேப்புகளிலும் இதே உப்பு இருந்தது. கசடைப் போக்க ஊற்றிய வெந்நீர் உப்பையும் கரைத்துக்கொண்டு போயிற்று. காரணம் அறியாமலே மருந்து உண்டு நோய் தீர்ந்தவரைப் போலப் பழைய சிப்பாய்கள் இருந்தனர். காரணம் தெரியாத வழக்கம், நிலைமை மாறியதும் கைவிடப்படும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் கடற்காற்றில் சன்னல் கம்பி உதிர்வதைக் கண்டு வளர்ந்தவர்க்கு இவ்வேதியியல் விளங்கும். வறண்ட பாலைநிலத்தில் அதே உப்பு தீங்கின்றி உறங்கும். மஸ்கத் கரையின் ஈரக்காற்றில் விழித்துக்கொள்ளும். ஒரே பெட்டித் தோட்டா ஓரிடத்தில் நல்லதாகவும் மற்றோரிடத்தில் கெட்டதாகவும் பெயர் பெறும். காரணம் அறியாத வணிகனும் வாங்குபவனும் அதைக் கைராசி என்றோ இரும்பின் தரக்குறைவு என்றோ சொல்லி அமைதியடைவர்.

இதில் விற்றவரை ஏமாற்றுக்காரர் என்று சாடுவதற்கு நமக்கு உரிமை இல்லை. அறிந்த குறையை மறைத்து விற்பது பாவம் என்பது எல்லா மத்ஹபுகளிலும் பொதுவான விதி. மஸ்கத் வணிகம் நடந்த ஆண்டுகளில் இக்குறையின் காரணத்தை விற்றவரும் அறிந்திலர். அறியாமை இருபுறமும் சமமாகவே இருந்தது. அதைப் போக்கிக்கொள்ளும் ஆய்வுக்கூடம் ஒருபுறத்தில் மட்டுமே இருந்தது.

கணித அறிஞர் ஒருவர்

அதே காலத்து முஸ்லிம் உலகில் வேறொரு முன்மாதிரியும் இருந்தது. 1870களில் உஸ்மானிய அரசு அமெரிக்காவின் பிராவிடன்ஸ் நகரத்து நிறுவனம் ஒன்றிடம் ஆறு இலட்சம் பீபாடி மார்ட்டினி துப்பாக்கிகளைச் செய்யப் பணித்தது. அவற்றிற்குரிய கோடிக்கணக்கான தோட்டாக்களையும் அமெரிக்காவிலேயே வாங்கியது. பண்டம் அயல்நாட்டுப் பண்டம்தான். ஆனால் துப்பாக்கிகள் செய்யப்படும்போதே உடனிருந்து சோதிக்க அரசு தன் அதிகாரிகளை அங்கே அனுப்பியது. அவர்களுள் தலையாயவர் ஹுஸைன் தவ்ஃபீக் பாஷா (1832-1901). இவர் ஒரு கணித அறிஞர். நேரியல் இயற்கணிதம் குறித்து ஆங்கிலத்தில் இவர் எழுதிய நூல் 1882இல் இஸ்தன்பூலில் அச்சாயிற்று.

உடைத்தாலன்றி அறிய முடியாத பண்டத்தை ஓர் அரசு எவ்வாறு வாங்கும்? ஒவ்வொரு தொகுதியிலும் சிலவற்றை எடுத்துச் சுட்டுப் பார்த்து, அவற்றின் முடிவைக் கொண்டு முழுத் தொகுதியையும் ஏற்கும் அல்லது தள்ளும். சில தேங்காய்களை உடைத்து மூட்டையின் நிலையை அறிவது போன்றது இது. அவ்வாறு செய்யக் கணக்கு அறிந்தவர் வேண்டும். விற்பவர் முன் நின்று மறுக்கும் வலிமையும் வேண்டும்.

1877இல் பிளெவ்னாவில் இதன் பயன் தெரிந்தது. ஜூலை 30 அன்று உஸ்மான் பாஷாவின் படை தொலைவிலிருந்தே பொழிந்த குண்டு மழையில் ரஷ்யத் தரப்பு சுமார் 7,000 பேரை இழந்தது. டிசம்பர் 10 அன்று பிளெவ்னா விழுந்ததற்கு முற்றுகையும் பசியுமே முதற்காரணங்கள். நல்ல தோட்டா ஒரு பேரரசைக் காத்துவிடாது என்பதையும் அதே பிளெவ்னா நமக்குக் கூறுகிறது.

காபூலில் அமீர் அப்துர் ரஹ்மான் கான் (ஆட்சி 1880-1901) மூன்றாம் வழியை நாடினார். மஷீன் கானா என்ற தொழிற்சாலையை ஆங்கிலப் பொறியாளர் சால்ட்டர் பைனைக் கொண்டு நிறுவி, துப்பாக்கியையும் தோட்டாவையும் தம் மண்ணிலேயே செய்யத் தொடங்கினார். ஆயினும் வெளியிலிருந்து வாங்குவதை அவராலும் விட முடியவில்லை. அவர் ஆயுதம் வாங்கிக் கொண்டுவருவதற்கு இந்திய அரசு தடை கூறாது என்ற வாசகம் 1893ஆம் ஆண்டு டுராண்டு உடன்படிக்கையில் இடம்பெற வேண்டியிருந்தது. பொறியை வாங்கலாம், பொறியாளரையும் சம்பளத்திற்கு அமர்த்தலாம். அவ்வறிவு தன் பிள்ளைகளின் நெஞ்சில் வேரூன்றும்வரை அவை இரண்டும் இரவல் பொருள்களே.

நூறாண்டுக்குப் பின்னும்

அரிக்காத கேப்பு 1920களிலேயே வந்துவிட்டது. ஜெர்மனியில் 1928இல் சினாக்சிட் என்னும் வகை வெளியாயிற்று. ஆயினும் பெரும் படைகள் பழைய வகையை எளிதில் விடவில்லை. நெடுங்காலம் கிடங்கில் கிடந்தாலும் குளோரேட் கேப்பு தவறாது வெடிக்கும் என்ற நம்பிக்கையே அதற்குக் காரணம். அமெரிக்கப் படை 1950களின் தொடக்கத்தில்தான் அதை முற்றிலும் கைவிட்டது. சோவியத் அணி நாடுகளில் அது மேலும் பல்லாண்டுகள் நீடித்தது. குழலின் உட்புறத்திற்குக் குரோமியம் பூசித் துருவைத் தடுத்துக்கொண்டனர்.

இதன் விளைவாக உலகச் சந்தையில் ஒரு விந்தைப் பண்டம் குவிந்தது. மலிவானது, முப்பது நாற்பது ஆண்டுப் பழையது, பெரும்பாலும் வெடிப்பது, கழுவாவிட்டால் துப்பாக்கியைக் கெடுப்பது. 1980களில் சோவியத் படையை எதிர்த்த ஆப்கானியருக்குத் தொடக்கத்தில் வந்து சேர்ந்தவற்றில் இத்தகைய கழிவுச் சரக்கு கணிசம். 1983 முதல் 1987 வரை பாகிஸ்தான் உளவுத் துறையின் ஆப்கான் பிரிவுக்குத் தலைமை தாங்கிய பிரிகேடியர் முஹம்மது யூசுஃப், எகிப்திலிருந்தும் துருக்கியிலிருந்தும் வாங்கி அனுப்பப்பட்ட துருவேறிய பழம்பொருள்களைப் பற்றித் தம் நூலில் மனம் நொந்து எழுதியுள்ளார். அவர் நூலின் அப்பக்கங்களைப் படிக்கும்போது மக்ரான் கரையில் சரக்கு இறக்கிய பாய்மரக் கலங்கள் நம் நினைவுக்கு வருகின்றன. இம்முறை விற்றவர்களுள் முஸ்லிம் நாடுகளும் இருந்தன என்பது மட்டுமே புதிது.

நீரில் கரையும் உப்பு

இவ்வரலாற்றின் வேர் நம்மிடமே இருந்தது என்பதுதான் நெஞ்சை உறுத்துகிறது. வெடியுப்பைச் சீன நாட்டுப் பனி என்ற பெயரால் குறித்தவர் ஹிஜ்ரி 646இல் (கி.பி. 1248) மறைந்த மூலிகை அறிஞர் இப்னுல் பைத்தார். அதே நூற்றாண்டில் சிரியாவைச் சேர்ந்த ஹஸன் அர்ரம்மாஹ், வெடியுப்பை நீரில் கரைத்து, மரச்சாம்பல் சேர்த்து, மாசு நீக்கிப் படிகமாக்கும் முறையைப் படிப்படியாக எழுதிவைத்தார். எந்த உப்பு நீரில் எவ்வாறு கரையும் என்பது அவருக்குக் கைவந்த கலை. அறுநூறு ஆண்டுகளுக்குப் பின், குழலில் படிந்த உப்பை எண்ணெய் போக்காது, நீர்தான் போக்கும் என்ற எளிய உண்மையை நாம் அயலாரின் ஆய்வறிக்கையிலிருந்து அறிய வேண்டியதாயிற்று. இப்னு மாலிக்கின் டமாஸ்கஸும் அர்ரம்மாஹின் சிரியாவும் ஒன்றே. இருவரும் ஒரே நூற்றாண்டினர். ஒருவரின் நூலைத் தலைமுறை தலைமுறையாக ஓதினோம். மற்றவரின் நூலை ஓத ஆளில்லை.

தோட்டாக்களோடு நமக்கு இன்று தொடர்பில்லை; அத்தொடர்பு வேண்டுவதும் இல்லை. ஆனால் உடைத்தாலன்றி அறிய முடியாத பண்டங்கள் நம் வீடுகளில் நிறைந்துள்ளன. மருந்து மாத்திரையின் உள்ளே என்ன இருக்கிறது? விதைநெல் முளைக்குமா? சுவருக்குள் புதைத்த மின்கம்பியில் இருப்பது செம்புதானா? விழுங்கிய பின், விதைத்த பின், தீப்பற்றிய பின்தான் இவற்றின் குறை தெரியும். அக்குறையை முன்கூட்டியே அறிய வல்லவர் நம்முள் எத்தனை பேர்?

மின்ஹாஜின் அந்தப் பகுதியை நடத்தும்போது, முட்டையும் தேங்காயும் இன்று எவை என்று மாணவர்களிடம் கேட்பது நம் வழக்கமாக வேண்டும். அவர்களுள் ஒருவராவது விடை தேடி ஆய்வுக்கூடத்தின் கதவைத் தட்டுவாராயின், இமாம் நவவீ வகுத்த உரிமை நூலின் பக்கத்திலிருந்து இறங்கி, வாங்குபவரின் கைக்கு வந்து சேரும். உண்மையை அல்லாஹ்வே நன்கறிந்தவன்.